எப்போது நட்டாலும் வளருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஓடை மீட்புக் கட்டுரையில் ஒரு வரி: ‘கரையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, எப்போது நட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.’ எழுதியவர் கோடையில் ஓர் ஓடைக்கரையை மிதித்துப் பார்த்திருக்கலாம். அப்போது நீர்மட்டம் மேட்டிலிருந்து ஆள் உயரத்துக்கும் கீழே கிடக்கும். பைக்கன்றின் வேர் போவது ஒரு சாண். கன்றுகள் காய்வது அந்த இடைவெளியில்தான்.

கரையில் நீரோரம், சரிவு, மேடு என மூன்று இடங்கள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. மூன்றுக்கும் ஒரே நாளில் நடவு போட முடியாது. நீரோரத்தில் கோரையும் நாணலும் வைப்பது வெள்ளம் வடிந்து மண் சேறாக இருக்கும்போது. தூரின் நுனி தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், மூழ்கினால் அழுகும். மேட்டில் நீர்மருது, புங்கன், நாவல் நடுவது மழை தொடங்கி, மண் முழங்கை ஆழத்துக்கு நனைந்த பிறகு. நாவல் விதையைச் சேகரித்து வைத்து ஆறஅமர விதைக்கலாம் என்று வேறொரு இதழில் போட்டீர்கள். சில வாரங்களிலேயே அதன் முளைப்புத் திறன் போய்விடும்.

சரிவுதான் சிரமமான இடம். அங்கே நொச்சி போல வெள்ளத்தில் படுத்து எழும் புதர்களின் போத்துகளே, அதாவது நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டுகளே ஏற்றவை. பெருமரத்தை அங்கே வைத்தால், அடிமரத்தைச் சுற்றி நீர் சுழித்து மண்ணைத் தோண்டும். ஒரு நாள் மரம் கரையையும் சேர்த்துக்கொண்டு சாயும். போத்து இரண்டு முதல் நான்கு செ.மீ. தடிமன், 60 முதல் 90 செ.மீ. நீளம் இருக்கட்டும். இலை உதிர்ந்து கிடக்கும்போதோ புதுத் துளிர் விடுமுன்போ வெட்ட வேண்டும். அடி சாய்வெட்டு, தலை நேர்வெட்டு. எது மேல் எது கீழ் என்று குழம்பாமலிருக்க அதுவே அடையாளம். தலைகீழாக நட்ட போத்து வேர் பிடிக்காது. ஒரு நாளாவது நீரில் ஊறப்போட்டு, கடப்பாரையால் துளையிட்டு, முக்கால் பங்கு மண்ணுக்குள் போகும்படி இறக்கி, சுற்றிலும் மிதித்து இறுக்க வேண்டும். காற்று இடைவெளி இருந்தால், இருக்கும் ஈரத்தில் துளிர் காட்டி நம்மை மகிழ்வித்துவிட்டுக் காய்ந்துபோகும். அந்தத் துளிரைத்தான் ‘வெற்றி’ என்று படம் பிடிக்கிறீர்கள்.

படம் என்றதும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள், நினைவுக்கு வருகிறது. மழை அக்டோபரில் தொடங்கும் இடத்திலும் அதே நாளில், பிரமுகர் கையில் பூவாளியுடன், எத்தனை ஆயிரம் கன்று என்ற எண்ணிக்கையுடன் ஒரு படம். படத்தில் கன்றுக்குப் பின்னால் தெரியும் குழியைக் கவனித்தீர்களா? சரிவில் ஒன்றரை அடிக்குச் சதுரக் குழி! வயல்வரப்பில் சரி. சரிவில் அந்தப் பொலபொலத்த மண்ணை முதல் வெள்ளமே கரண்டியால் வழித்ததுபோல் எடுத்துவிடும். சில படங்களில் பிளாஸ்டிக் பைகூடக் கிழிக்கப்படவில்லை.

போன ஆண்டு, சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் கொண்டு வேரோடு பிடுங்கியதைப் ‘புத்துயிர்’ என்று தலைப்பிட்டீர்கள். மழைக்கு முன் மொட்டையாக்கிய கரையில் உயிர் எங்கே, மண்ணே மிஞ்சாது. சரிவில் தரையோடு வெட்டி, வேரை மண்ணைப் பிடிக்க விட்டுவிட்டு, மறுதுளிரை விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் பகுதி பகுதியாக, புதுச்செடி வேர் பிடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டினால் துண்டுகளை வெள்ளம் எட்டாத இடத்துக்குத் தூக்கிப்போய்க் காயவைக்க வேண்டும்; ஓடையில் விழுந்த துண்டு போகிற வழியெல்லாம் வேர்விடும்.

‘ஒரு வரிசை மரம் போதும்’ என்ற அறிவுரைக்கும் நன்றி. வயலிலிருந்து வரும் வண்டலைத் தடுக்கவே கரையோரம் பத்து மீட்டர் அகலத்துக்காவது நடவு வேண்டும், உரச்சத்தைத் தடுக்க அதைவிடக் கூடுதல். அதிலும் வெளி ஓரத்தில் அடர்ந்த புல் இருக்க வேண்டும். வயல் நீர் ஒரே வாய்க்காலாகத் திரண்டு ஓடைக்குள் இறங்கினால், எத்தனை மீட்டர் நட்டும் பயனில்லை. முதலில் அதைப் பரவி ஓடச் செய்ய வேண்டும்.

வெற்றுச் சரிவில் மண் அரிக்காமலிருக்க நைலான் வலையைப் பரிந்துரைத்திருந்தீர்கள். பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும். தென்னைநார் வலை சில ஆண்டுகளில் தானே மக்கிவிடும். புல் விதையைத் தூவி, மேல் விளிம்பை மண்ணில் புதைத்து, மர ஆப்பு அடித்தால் போதும். ஆட்டுக்கு வேலி கட்டாயம் வேண்டும், ஆனால் ஓடைக்குக் குறுக்கே வேண்டாம். குப்பை சேர்ந்து அணைபோல நின்று, நீரைக் கரைப்பக்கம் தள்ளும்.

கேட்பது பெரிதில்லை. அடுத்த நடவுக்கு முன், மூன்று இடங்களுக்கும் தனித்தனிக் காலம் குறிப்பிட்டு ஒரு திருத்தம் போடுங்கள், பத்து வரி போதும். ஜூன் 5 படத்துக்குக் கீழே, அதே இடத்தில் முந்தைய ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடிருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கவும் இடமிருந்தால் நல்லது. விளம்பரத்துக்கு இடைஞ்சல் என்றால் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓடைக்கரை நடவுப் பணியிலிருக்கும் ஒரு வாசகர்