வங்கிகளின் வயதை மட்டும் ஒப்பிட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் நிதி நிறுவன வளர்ச்சியை ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, வங்கிகள் தோன்றிய ஆண்டுகளையும் கிளைகள் பெருகிய விதத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மத்திய வங்கிக்கும் அரசின் கருவூலத்துக்கும் இடையிலான உறவைத் தொடாமலே முடிந்துவிட்டது. இரு நாடுகளின் பாதைகளும் பிரிந்தது அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே வழியில் வந்தவை. இலங்கை வங்கி அரசுடைமையானதும் மக்கள் வங்கி நிறுவப்பட்டதும் 1961இல். இந்தியாவில் 14 வணிக வங்கிகள் நாட்டுடைமையானது 1969இல். எளிய மக்களைச் சென்றடைந்ததில் இலங்கையே நெடுங்காலம் முந்தி நின்றது. உலக வங்கியின் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் கணக்கு வைத்திருந்தவர்கள் இந்தியாவில் 35 விழுக்காட்டினர். இலங்கையில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர். ஆனால் வைப்பாளரின் பணத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதில் நிலைமை நேர்மாறானது. கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960இல் வீழ்ந்ததைத் தொடர்ந்து, 1962இலேயே இந்தியா, வங்கி வீழ்ந்தாலும் வைப்பாளருக்கு ஒரு வரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கச் செய்யும் வைப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இலங்கையிலோ, 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டதற்குப் பிறகும் கட்டாய வைப்புக் காப்பீட்டுத் திட்டம் 2010 வரை வரவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1950க்கு முன்பு இலங்கையில் நாணயச் சபை முறை இருந்தது. அம்முறையில், ஈடாக வெளிநாட்டு நாணயக் கையிருப்புச் சொத்து இல்லாமல் நோட்டு வெளியிட முடியாது. அமெரிக்கரான ஜான் எக்ஸ்டர் வடிவமைத்து, அவரே முதல் ஆளுநராகப் பொறுப்பேற்ற மத்திய வங்கி அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து நாட்டை விடுவித்தது. அதே சமயம், அரசின் மதிப்பிடப்பட்ட வருவாயில் பத்து விழுக்காடு வரை மத்திய வங்கி அரசுக்கு வட்டியின்றி முற்பணம் கொடுக்கவும், அவ்வங்கியை நிறுவிய நாணய விதிச் சட்டம் இடமளித்தது. திறைசேரிச் செயலாளர், அதாவது அரசுக் கருவூலத்தின் தலைமை அதிகாரி, மத்திய வங்கியின் நிர்வாகச் சபையிலேயே உறுப்பினராக அமர்ந்திருந்தார். இந்தியாவும் இதில் யோக்கியமாக நடந்துகொண்டது என்று சொல்ல மாட்டேன். தற்காலிகக் கருவூல உண்டியல்கள் என்ற குறுகிய காலக் கடன் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டு ரிசர்வ் வங்கி பல பத்தாண்டுகள் அரசின் பற்றாக்குறையை நிரப்பியது. ஆனால் அந்த ஏற்பாடு 1997இல் கைவிடப்பட்டது. 2006 முதல் அரசுப் பத்திரங்களை வெளியீட்டின்போதே ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதும் நிறுத்தப்பட்டது.

மத்திய வங்கியிடமிருந்து அரசு நேரடியாகப் பணம் பெறும் அந்தக் கதவை இலங்கை மூடுவதற்குள் 2022 வந்துவிட்டது. அந்த ஆண்டின் நெருக்கடிக்குப் பணம் அச்சிட்டது மட்டுமே காரணம் அன்று. 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்பும் வெளிநாட்டுக் கடன் சுமையும் சேர்ந்தே நாட்டை அங்கு கொண்டுபோய் நிறுத்தின. ஆயினும், வருவாய் சரிந்தபோது துண்டு விழுந்த தொகைக்கு மத்திய வங்கியின் கையை எதிர்பார்ப்பது அரசுக்கு எளிதாக இருந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது.

அதன் பிறகு வந்த 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசுக்கு நேரடியாக நிதியளிப்பதைத் தடைசெய்ததோடு, திறைசேரிச் செயலாளரையும் சபையிலிருந்து விலக்கியது. இந்தியாவிலோ, பொதுநலன் கருதி ரிசர்வ் வங்கிக்கு அரசு ஆணையிட இடம்தரும், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இன்றும் நீடிக்கிறது. எழுத்தில் உள்ள சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த ஒன்றில் பின்தங்கியிருப்பது பெரிய நாடுதான். கட்டுரையாளர் இந்தப் பொருளில் மேலும் எழுதுவாரானால், இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து ஆராய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்