வீடியோ எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்க, அந்த ஒரு மணி நேரத்துல என்ன பண்றதுன்னு சொல்லவே இல்லையேங்க

காலேஜ் வாத்தியாருங்களுக்கு பயிற்சி நடத்தற ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் தருமபுரி மாவட்டத்துல ஒரு அரசு கல்லூரில பிசிக்ஸ் நடத்தறவன். போன வருஷம் பிலிப்டு கிளாஸ்ரூமுக்குன்னு, அதான் பாடத்த வீட்லயே பாத்துட்டோ படிச்சுட்டோ வந்து கிளாஸ்ல கேள்வி, பேச்சுன்னு நடத்தற முறைக்கு, அஞ்சு நாள் எஃப்டிபி (வாத்தியாருங்களுக்கான பயிற்சி) போய்ட்டு வந்தேன், எங்க, யாரு நடத்துனதுன்னு இங்க வேண்டாம். காலைல ஒன்பதரைக்கு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பிபிடி தான். லெக்சர் அடிக்கறத விடுங்க, பசங்கள பேச விடுங்கன்னு ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாம லெக்சர் அடிச்சாரு. பக்கத்து சீட் கெமிஸ்ட்ரி மேடம் நோட்டு ஓரத்துல முழுசா ஒரு பூக்கோலமே போட்டு முடிச்சுட்டாங்க.

அஞ்சுல நாலு நாள் வீடியோ எப்படி எடுக்கறதுன்னே போச்சு. ஸ்க்ரீன் ரெக்கார்டர், காலர் மைக், பின்னாடி பச்சைத் துணி, ஓரத்துல காலேஜ் லோகோ. ஆனா விஷயம் அதுலயாங்க இருக்கு? 2007ல அமெரிக்காவுல கொலராடோ பக்கம் வுட்லேண்ட் பார்க்னு ஒரு ஊர்ல பெர்க்மன், சாம்ஸ்னு ரெண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க, விளையாட்டுப் போட்டி அது இதுன்னு கிளாஸ விட்ட பசங்களுக்காக பாடத்த ரெக்கார்ட் பண்ணி வச்சாங்க, அப்புறம் தான் பாடம் வீட்டுக்குப் போய்ட்டா கிளாஸ் நேரம் முழுசா கைக்கு வருதேன்னு புரிஞ்சுகிட்டாங்க. அதுக்கும் முன்னாடி, 1990கள்லயே ஹார்வர்டுல எரிக் மஸூர் வீடியோவே இல்லாம, புக்க படிச்சுட்டு வாங்கப்பா, கிளாஸ்ல கேள்வி தான்னு பிசிக்ஸ் நடத்துனாரு. இந்தப் பேரெல்லாம் உங்க ஸ்லைடுலயும் இருந்துச்சு, அவங்க கிளாஸ்ல என்ன பண்ணாங்கன்றது தான் இல்ல.

உங்க பேச்சக் கேட்டு நானும் 38 நிமிஷ வீடியோ ஒன்னு எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். மறுநாள் யாரு பாத்தீங்கன்னு கேட்டா 46 பேருல 9 கை. வத்தல்மலைப் பையன் சிக்னலுக்கு பாறை மேல ஏறி நின்னும் பாதி தான் இறங்குச்சுன்னான், ஒரு பொண்ணுக்கு போன் அண்ணன் கைல, அண்ணன் ஓசூர்ல நைட் ஷிப்ட். சரின்னு நான் என்ன பண்ணேன், பாக்காதவங்களுக்காக அதே பாடத்த போர்டுல திரும்ப நடத்துனேன். அதோட செத்துச்சு. அடுத்த வாரம் அந்த 9 பேரும் பாக்கல, எதுக்குப் பாக்கணும், எப்படியும் சார் திரும்ப நடத்துவாருன்னு தெரிஞ்சு போச்சே. இப்படி ஆகும்னு அஞ்சு நாள்ல ஒருத்தர்கூட சொல்லலீங்க.

அப்புறம் நானே தட்டுத்தடுமாறி மாத்துனேன். வீடியோ ஏழு நிமிஷம், ஒரே ஒரு விஷயம். முந்தின நாள் சாயங்காலம் பஸ் வர்றதுக்குள்ள காலேஜ்லயே போன்ல இருந்து போனுக்கு ஏத்தி விட்டேன், போன் இல்லாதவங்களுக்கு ஒரு பக்க ஜெராக்ஸ். கிளாஸ்ல முதல் கேள்வி: மாங்காய்க்கு கல்லு விட்டீங்க, கல்லு நேரா மேல போகுது, உச்சிக்குப் போய் அந்த ஒரு க்ஷணம் நிக்குது பாருங்க, அப்ப அதோட ஆக்சிலரேஷன், அதான் வேகம் மாறுற வீதம், எவ்வளவு? முக்கால்வாசிப் பேரு ஜீரோன்னு கை தூக்குனாங்க. நான் விடைய சொல்லல, பக்கத்துல இருக்கறவங்கள ஒத்துக்க வைங்கன்னு மட்டும் சொல்லி மூனு நிமிஷம் விட்டேன். வருஷம் பூரா வாயத் திறக்காத ஒரு பென்னாகரத்துப் பொண்ணு, "ஏண்டி, வேகமும் ஜீரோ, ஆக்சிலரேஷனும் ஜீரோன்னா கல்லு அங்கயே தொங்கிட்டு இருக்கும்டி, எப்படி கீழ வரும்?"னு பெஞ்ச தட்டிக் கேக்குது. திரும்ப கை தூக்கச் சொன்னா பாதிக்கு மேல சரியான விடை 9.8, அதுவும் கீழ் நோக்கின்னு சேத்துச் சொல்றாங்க. நான் பதினஞ்சு வருஷமா போர்டுல எழுதிப் போட்டது தான் அது.

இந்த மாதிரி ஒரு கேள்விய உருவாக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. ரொம்ப சுலபமா இருந்தா பேச்சே வராது, ரொம்ப கஷ்டமா இருந்தா எல்லாரும் கம்முனு உக்காந்துருவாங்க. பயிற்சி குடுக்கணும்னா இதுக்குக் குடுங்க. நாங்க கேள்வி எழுதிட்டு வர்றோம், நிஜப் பசங்க இருபது பேர உக்கார வச்சு எங்கள நடத்த விட்டு, எங்க சொதப்பறோம்னு அங்கயே சொல்லுங்க. நீங்க பேச வேண்டியத ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிருங்க, வீட்ல பாத்துட்டு வர்றோம், பேரே பிலிப்டு தானேங்க. வீடியோவுக்கு 2003ல ஆரம்பிச்ச, ஐஐடிங்களோட இலவச வீடியோ பாடத் திட்டம் என்பிடிஇஎல்ல நெறைய போட்டு வச்சிருக்காங்க, வேணுங்கற துண்ட எடுத்துக்கலாம், ஆளாளுக்கு பச்சைத் துணி எதுக்கு?

இன்னொன்னு, 225 ஆய்வுகள சேத்துப் பாத்த 2014 கட்டுரைய ஸ்லைடுல போட்டு, பெயில் ஆகறவங்க 33.8 சதவீதத்துல இருந்து 21.8க்கு இறங்குறாங்கன்னு காட்டுனீங்க. அது கிளாஸ்ல பசங்க தானே செஞ்சு, பேசி கத்துக்கறத பத்தின கட்டுரைங்க, வீடியோவ பத்தி இல்ல.

வேலை நேரத்தையும் கொஞ்சம் பாருங்க. யுஜிசி 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கிளாஸ், இந்தக் கேள்வி எழுதற ராத்திரி எந்தக் கணக்குலயும் வராது. கௌரவ விரிவுரையாளருங்க பாடு இன்னும் மோசம், அவங்களுக்கு உங்க சர்டிபிகேட்ட வச்சு பிரமோஷனும் கிடையாது.

அடுத்த பயிற்சிக்கு தேதி போடறதுக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை வாங்க, ரெண்டாவது ஹவர் என் கிளாஸ் தான். கடைசி பெஞ்சுல இடம் போட்டு வைக்கறேன், ஆனா பக்கத்துல இருக்கற பையன் உங்களையும் கேள்வி கேப்பான், பதில் சொல்லணும்.

இப்படிக்கு,
ஒரு பிசிக்ஸ் வாத்தியார், தருமபுரி