கொல்லிமலைக் குளிரில் எங்கள் பிள்ளைகளைக் காத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

அரையாண்டு விடுமுறையில் ஈரோட்டிலிருந்து குடும்பங்களாகக் கிளம்பி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கொல்லிமலையில் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஆயிரம் மீட்டர் ஏறினாலே 6 டிகிரி அளவுக்குக் குளிர் கூடும். அந்த மார்கழி இரவில் பிள்ளைகள் விடியும்வரை நன்றாகத் தூங்கியதற்கு நீங்கள்தான் காரணம்.

பவானி நெசவுக்கார ஐயாவுக்கு முதல் நன்றி. நாங்கள் கேட்டது போர்வை. "மேல எத்தனை போர்த்துனாலும் அடியில ஒண்ணும் இல்லீன்னா சூடெல்லாம் தரைக்குப் போயிருமுங்க" என்று சொல்லி ஜமக்காளத்தை எடுத்துப் போட்டீர்கள். தார்ப்பாய், அதன்மேல் ஃபோம் பாய், அப்புறம் மடித்த ஜமக்காளம். தரைக்குளிர் ஏறவே இல்லை.

திருப்பூர் பனியன் கம்பெனி அக்கா, விளையாடிய துணியோடு பிள்ளைகளைப் படுக்க விடக்கூடாது என்றீர்கள். பருத்தி வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ராத்திரியில் அந்த ஈரமே குளிரும். படுக்கும் முன் உலர்ந்த துணியும் கம்பளிக் காலுறையும் மாற்றினோம். சாமைக் கஞ்சியைச் சுடச்சுட ஊற்றி, "ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படு சாமி" என்று ஒவ்வொரு பிள்ளையையும் அனுப்பிவைத்த செம்மேட்டு அம்மாவை மறக்க முடியுமா!

கூடாரக் காவலர் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கரி நெருப்புச் சட்டியைக் கூடாரத்துக்குள் வைக்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது நீங்கள் ஒரே பிடியாக மறுத்தீர்கள். புகையே இல்லாத கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் விழிக்காமலே போய்விடுவார்கள். எங்கள் வருத்தத்தைப் பார்த்துத் தளராமல் நின்றீர்களே, அது பெரிய காரியம். மேல் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னீர்கள். மூச்சின் ஈரம் வெளியேறியதால் போர்வைகள் நனையவில்லை.

கைக்குழந்தையோடு வந்த தங்கைக்குப் போனிலேயே வழி சொன்ன நர்ஸம்மாவுக்கும் நன்றி. தளர்ந்த போர்வை வேண்டாம், தூங்கும்போது தலையையும் முகத்தையும் மூட வேண்டாம், உடுப்பை அடுக்காகப் போடுங்கள் என்றீர்கள். குழந்தையின் கை சில்லென்று இருந்ததும் அவள் பதறினாள். "பிடரியைத் தொட்டுப் பாருங்க கண்ணு, அது கதகதப்பா இருந்தா போதும், வேர்த்திருந்தா ஒரு துணியைக் கழட்டுங்க" என்றீர்கள். அதன் பிறகுதான் அவளும் கண் அயர்ந்தாள்.

ஐயா, தையில் பவானிக்கு வருகிறோம். மற்றக் குடும்பங்களுக்கும் ஜமக்காளம் வேண்டுமாம், எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா