முன் இடது கதவுக்குக் கண்ணாடி போட்ட வேலை பற்றிய முறைப்பாடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
12.12.2024

முகாமையாளர்,
வாகனக் கண்ணாடிப் பிரிவு,
யாழ்ப்பாணக் கிளை.
பிரதி: தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா,

கடந்த ஒக்டோபர் 21ஆம் திகதி உங்கள் கிளையில் என் சுசுக்கி வேகன் ஆர் காரின் முன் இடது கதவுக்குப் புதுக் கண்ணாடி போட்டேன். கண்ணாடிக்கு 26,500 ரூபா, பொருத்து கூலி 4,500 ரூபா, எல்லாமாக 31,000 ரூபா கட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் கதவுக்குள் தண்ணீர் நிற்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஷட்டர் பாதி ஏறியதும் இறுகுகிறது. இடது பக்கக் கால்விரிப்பு எத்தனை தரம் வெயிலில் போட்டாலும் மணக்கிறது. கண்ணாடி கதவில் நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 4,500 ரூபா எந்த வேலைக்காக வாங்கப்பட்டதோ அந்த வேலை நடக்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

பழைய கண்ணாடி உடைந்த கதை சின்னது. பலாலி வீதியில் உரும்பிராய்ப் பக்கம் வீதியோரப் புல்லை இயந்திரத்தால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து தெறித்த ஒரு கல் பட்டதும் முழுக் கண்ணாடியும் பொலபொலவென்று கொட்டிவிட்டது. முன் கண்ணாடி என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, கல்லுப் பட்டால் கீறல் விழுந்து அப்படியே நிற்கும். கதவுக் கண்ணாடி சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கியது. ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் குறுணியாகிவிடும். ஆளை வெட்டாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் குறுணியில் பாதி சீற்றில் விழும், மீதி கதவுக்குள் இறங்கும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முழுப் பிரச்சினையும் இதில்தான் தொடங்குகிறது, அதனால் எழுதுகிறேன்.

காப்புறுதியில் கேட்டிருக்கலாம். ஒரு கண்ணாடிக்காக வருடாவருடம் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவை இழக்க வேண்டாம் என்று கைக்காசைக் கொடுத்தேன். கண்ணாடி கையிருப்பில் இல்லை, கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்ல வேண்டும் என்றார்கள். சரி, அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோன நாட்டில் சாமானுக்குக் காத்திருந்து பழகிவிட்டோம். முற்பணம் கொடுத்து, கதவுக்குப் பொலித்தீன் கட்டிக்கொண்டு ஓடினேன்.

கண்ணாடி வந்த நாளில் வேலை செய்தவர் ஒரு தம்பி. அவரைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தனி ஆளாக நின்றார், பக்கத்தில் இன்னொரு வாகனமும் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, போல்ற் இறுக்கி, பலகையைத் திரும்ப அடித்துப் பொருத்திவிட்டார். உள்ளே விழுந்த குறுணியை எடுக்கவில்லையா என்று கேட்டேன். "வக்கியூம் மிஷின் மற்றப் பக்கம் நிக்குது அக்கா, அடியில கிடந்தா ஒண்டும் செய்யாது" என்றார். அங்கேயே கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது கரகரவென்று சத்தம் வந்தது. "உது ஓட ஓட சரிவரும்" என்பது அதற்கு வந்த பதில். கண்ணாடிக் குறுணி ஓட ஓடக் கரைந்துபோகும் பொருளா என்று அப்போதே கேட்டிருப்பேன், அந்த மற்ற வாகனக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மழை தொடங்கியது. கதவைத் திறந்து சாத்தும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம், வாளியைத் தூக்கி வைத்தது மாதிரி. அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போன நாளில் அவர் காலடியைப் பார்த்துவிட்டு "உதென்ன பிள்ளை, உள்ளுக்கை ஈரமாக் கிடக்கு" என்று கேட்ட பிறகுதான் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கீழே இருந்த பஞ்சு ஊறிக் கிடந்தது.

உங்கள் கிளைக்குத் தொலைபேசி எடுத்தேன், நேரிலும் வந்தேன். முதலில் பேசியவர், "வீட்டில அண்ணையை ஒருக்கா வரச்சொல்லுங்கோ, அவருக்கு விளங்கப்படுத்திறம்" என்றார். கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது நான். உங்கள் பற்றுச்சீட்டில் இருப்பதும் என் பெயர். காசை என்னிடம் எண்ணி வாங்கும்போது அண்ணையை யாரும் தேடவில்லை. இது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அடுத்து வந்த விளக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதலில் அது ஏசித் தண்ணீர் என்றீர்கள். இந்தக் கார்களில் ஏசியின் கழிவுக் குழாய் அடைத்தால் இடது காலடி நனைவது உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் ஏசி போட்டு ஓடினால்தான் அந்தத் தண்ணீர் வரும். என் கார் முற்றத்தில் நின்ற இடத்தில், இயந்திரமே போடாத நாட்களில், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நனைந்தது. பிறகு நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் கார் நின்றிருக்குமோ என்று கேட்டீர்கள். வெள்ளத்தில் நின்ற காரில் நான்கு காலடியும் நனைந்திருக்க வேண்டும். எனக்கு நனைந்திருப்பது நீங்கள் கழற்றிய கதவின் பக்கம் மட்டும். கடைசியாக, "ஷட்டர் பழசு, அது எங்கட வேலை இல்லை, வேணுமெண்டா மாத்தித் தாறம், அது வேற காசு" என்ற இடத்தில் வந்து நின்றீர்கள்.

அதன் பிறகுதான் எங்கள் ஊர்க் கராஜில் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் படம் எடுத்திருக்கிறேன். படங்களில் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

கதவின் அடியிலிருந்து ஒரு சிரட்டை நிறையக் கண்ணாடிக் குறுணி வந்தது. அதில் ஈர மண்ணும் கலந்து இறுகி, கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்திருந்தது. மெக்கானிக் ஒரு கம்பியால் துளையைக் குத்தியதும் தண்ணீர் கறுப்பாக ஓடியது, அவருடைய செருப்பே நனைந்தது. கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது ஒரு குறை அல்ல. எந்தக் காரிலும் கண்ணாடியில் வழியும் தண்ணீரில் கொஞ்சம் வெளி றப்பரைத் தாண்டி உள்ளே இறங்கத்தான் செய்யும். வெளித் தகட்டின் உட்பக்கமாக வழிந்து அந்தத் துளைகளால் வெளியேறும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். துளை அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும், பிறகு அடித் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ற் பொங்கிக் கண்ணுக்குத் தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும்.

இரண்டாவது, உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். பலகையைக் கழற்றினால் கறுப்புப் பசையோடு முதலில் கண்ணில் படுவது அதுதான். கதவுக்குள் இருக்கும் ஈரம் காரின் உட்பக்கம் வராமல் தடுப்பதே அதன் வேலை. என் கதவில் அந்தத் தாள் குறுக்கே கிழிந்து கிடந்தது. கிழிந்த இடத்தில் பார்சல் கட்டும் மண்ணிறச் செலோரேப் ஒட்டப்பட்டிருந்தது. மழையில் அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கத்தில் தாள் ஒட்டப்படவே இல்லை. அம்மாவின் காலடிக்குத் தண்ணீர் வந்த வழி அது. ஸ்பீக்கரின் பின்பக்கம் ஏற்கெனவே பச்சை பிடித்திருக்கிறது, ஷட்டர் மோட்டருக்குப் போகும் வயரின் இணைப்பும் ஈரம்.

மூன்றாவது, ஷட்டர். கண்ணாடியைத் தூக்கும் பொறியில் கண்ணாடி இரண்டு போல்ற்றில் நிற்கிறது. ஒன்று இறுக்கம், மற்றது கையால் சுழன்றது. அதனால் ஏறும்போது கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து, ஓரத்து றப்பர்ப் பள்ளத்தில் உரசியிருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள்ளும் குறுணி இருந்தது. புதுக் கண்ணாடியின் பின் விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் கோடுகள் விழுந்திருப்பது அதனால்தான். கல்லுக்குத் தப்பிய ஷட்டர் பொறி ஒக்டோபர் 21க்கு முதல் நாள் வரை சத்தமில்லாமல் வேலை செய்தது. உடைந்த கண்ணாடியின் மிச்சத்தை இறக்கிக் காட்டச் சொல்லி, உங்கள் ஆளே சுவிற்சை அழுத்திப் பார்த்துத்தான் விலை சொன்னார். பழசென்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உள்பலகையைப் பிடிக்கும் கிளிப்புகளில் பாதி உடைந்திருந்ததையும் மேல் மூலையில் றப்பர் சரியாக அமராததையும் சும்மா குறிப்பிட்டுவிட்டுப் போகிறேன். கிளிப் மலிவான சாமான். ஆனால் ஆனையிறவு வெட்டவெளியில் போகும்போது அந்த மூலையால் காற்று விசில் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடிவதில்லை.

வேறு கராஜில் திறந்துவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டது என்று இனிச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். திறந்து பார்க்கும்படி உங்களிடம்தான் முதலில் கேட்டேன். அதற்கும் தனிக் கூலி கேட்டது நீங்கள். வட்ஸ்அப்பில் வந்த அந்தப் பதிலும் இத்துடன் இருக்கிறது. கராஜில் துளைகளைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, கையில் வந்தவற்றை எடுத்ததைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை. குறுணி, செலோரேப், உடைந்த கிளிப்புகள் எல்லாம் ஒரு பையில் பத்திரமாக இருக்கின்றன.

இன்னுமொன்று, கண்ணாடியைப் பற்றி. பற்றுச்சீட்டில் "ஜப்பான் ரீகண்டிஷன் ஒரிஜினல்", அதாவது ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றிய அசல் கண்ணாடி, என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற மூன்று கதவுகளிலும் மூலையில் தயாரிப்பாளரின் பெயரும் 43ஆர் என்ற குறியும் தெளிவாக இருக்கின்றன. 43ஆர் என்பது வாகனக் கண்ணாடிகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதி எண். நீங்கள் போட்டதில் அந்தக் குறி இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை. வெயிலில் பார்த்தால் நிறமும் ஒரு சாயல் வெளிறியது. வேறு நாட்டுப் புதுக் கண்ணாடி என்று சொல்லி விற்றிருந்தால், விலையைப் பார்த்து நான் வாங்கியும் இருக்கலாம். ஒரிஜினலின் விலையை வாங்கிக்கொண்டு இதைப் போட்டதற்கு விளக்கம் வேண்டும். எங்கிருந்து எடுத்த கண்ணாடி என்பதற்கான கொள்வனவுச் சீட்டைக் காட்டினால் போதும்.

நான் கேட்பது இதுதான். அந்தக் கதவை மறுபடி முழுமையாகத் திறந்து, குறுணியை ஒன்றுவிடாமல் எடுத்து, வடிகால் துளைகளைச் சுத்தம் செய்து, கிழிந்த தாளுக்குப் பதில் புதுத் தாளை உரிய பசையால் முழுச் சுற்றும் ஒட்டி, கிளிப்புகளைப் புதிதாகப் போட்டு, கண்ணாடியை நேராக நிறுத்தித் தர வேண்டும். கூலி இல்லாமல். கோடு விழுந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டில் எழுதியிருக்கும் கண்ணாடியையே போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். வயர் இணைப்பும் ஸ்பீக்கரும் ஈரத்தால் பழுதாகியிருந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. கதவைத் திறந்து பார்க்க நான் கராஜுக்குக் கொடுத்த 2,500 ரூபாவையும் கேட்கிறேன், சீட்டு இருக்கிறது. வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். பலகையை மூடுவதற்கு முன் உள்ளே பார்த்துச் சரி சொல்ல வேண்டியது நான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை வழங்குகிறவர் அதைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய உத்தரவாதம். அதே சட்டத்தில், சேவை பற்றிய முறைப்பாட்டை அது வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் அதிகாரசபையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு அது ஜனவரி 21 வரை. ஆகையால் நீங்கள் இழுத்தடிக்க நான் காத்திருக்கப் போவதில்லை. டிசம்பர் 27ஆம் திகதிக்குள் எழுத்தில் பதிலும் வேலைக்கான நாளும் தராவிட்டால், இதே கடிதத்தையும் இணைப்புகளையும் அதிகாரசபையிடம் கொடுப்பேன்.

பாடசாலை விடுமுறை என்பதால் எந்த வார நாளிலும் காரைக் கொண்டுவர முடியும். தொலைபேசியில் பேசுவதாக இருந்தால் என்னிடமே பேசவும். என் இலக்கம் பற்றுச்சீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, முற்பணச் சீட்டு, கராஜ் சீட்டு, கதவின் உட்பக்கப் படங்கள், நான்கு கதவுக் கண்ணாடிகளின் முத்திரைப் படங்கள், வட்ஸ்அப் பதில்களின் அச்சுப் பிரதி. குறுணிப் பை என் வீட்டில் இருக்கிறது, கேட்டால் கொண்டுவந்து காட்டுவேன்.