நம் வட்டாரத் தீயணைப்புக் குழுவின் வரலாறு

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம். ரங்கூனில் நம் வட்டாரத்துத் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் வரலாற்றை, அதில் ஓடியாடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதிவைக்க விரும்புகிறோம். மாண்டலேயில் 1981 மே 10 அன்று 6,000க்கும் மேற்பட்ட வீடுகளும், 1984 மார்ச்சில் மீண்டும் ஏறத்தாழ 2,700 கட்டடங்களும் எரிந்தபின், மூங்கில் வீடுகள் நெருங்கிய தெருவில் கோடைத் தீ எப்படிப் பாயும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் நீர்ப்பைகளும் மணல் மூட்டையும் இருக்க, அருகே கூரையைப் பிடித்திழுக்கும் கொக்கிக் கழியும் தீயை அடித்தணைக்கும் தட்டிக் கழியும் சாய்ந்திருக்கும். பிடித்த இடம் வழவழத்துப்போன அப்பாவின் கொக்கிக் கழியை நான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய படங்கள், இரவுக்காவல் முறைப் பட்டியல்கள் வைத்திருப்போர் அன்புகூர்ந்து இங்கே பகிருங்கள். பெரியவர்களின் நினைவுகளைக் குரல்பதிவாக அனுப்பினாலும் எழுதிக்கொள்கிறோம்.