நீ பதினோரு தடவை கூப்பிட்டதற்குப் பதில்

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நான் எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. எடுத்தால் "எப்படிடா இருக்க?" என்பாய், அதற்கு என்னிடம் பதில் இல்லை. தம்பி பாபு போய் இன்றோடு 72 நாள். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். சாந்திக்கு முழங்கால் வலி அப்படியேதான். கீதாவை விசாரித்ததாகச் சொல். விசாரிப்பு முடிந்தது.

முதலில் உன் மேல் ஒரு புகார். வாட்ஸாப்பில் துக்கத்துக்கு ஐந்து படி என்று அனுப்பினாயே, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று, மெஸ் மாமா மெனு ஒட்டுகிற மாதிரி வரிசையாக. அது கியூப்ளர்-ராஸ் என்ற டாக்டரம்மா 1969இல் எழுதியது. அவர் பேசிப் பார்த்தது சாகக் கிடந்த நோயாளிகளிடம். செத்தவர் வீட்டுக்காரர்களுக்கும் அதையே மாட்டிவிட்டது அப்புறம் நடந்த கதை. எனக்குக் காலையில் ஐந்தாம் படி, மத்தியானம் முதல் படி. சாயங்காலம் படியே கிடையாது, நேராகக் கிணறுதான். இனிமேல் எனக்கு அதை அனுப்பாதே.

நான் எழுத வந்தது பாபுவின் பிள்ளைகளைப் பற்றி.

மீனுவுக்கு ஐந்து வயது. அன்று பாபுவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம், அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்து சேர வேண்டும் என்று ஓர் இரவு. மீனு உள்ளே போய் அவள் போர்வையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். "அப்பாவுக்குக் குளிரும், மூடி விடுங்க" என்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்களே தவிர, யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அக்காதான் அவளைத் தூக்கி, "அப்பா தூங்குறாங்க கண்ணு, எழுப்பக் கூடாது" என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், தலையை ஆட்டினேன். மறுநாள் எடுக்கும் நேரத்தில் அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி டிவி போட்டுவிட்டோம். திரும்பி வந்தாள். பெட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை, கூடத்தை யாரோ கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை. அவள் அம்மா உமாவையும் தூங்க விடவில்லை. உமா கண்ணை மூடினால், ஆள்காட்டி விரலால் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். கருவிழி அசைகிறதா என்று பார்த்துவிட்டு விடுவாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும். தூங்கினால் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நாம்தானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்!

ஒரு ராத்திரி தாங்காமல் 14416க்குக் கூப்பிட்டேன். அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுகிறார்கள். அங்கே பேசிய தைரியத்தில் விசாரித்து, தஞ்சாவூரிலேயே ஓர் ஆலோசகரைக் கண்டுபிடித்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பிள்ளைகளோடு வேலை பார்த்தவர். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்களே, அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்து உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் "சொல்லு, சொல்லு" என்று பிடுங்காமல், படம் வரையவிட்டு, மண்ணில் விளையாடவிட்டு, அதிலிருந்து பேச்சை எடுக்கிற முறை. அங்கே கற்றதுதான் இன்றுவரை கைகொடுக்கிறது என்றார்.

நான் ஏதோ மந்திரம் போல ஒன்று சொல்வார் என்று போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "செத்துப் போயிட்டார்னு அந்தக் குழந்தைகிட்ட யாராவது சொன்னீங்களா?"

இல்லை. ஊரே கூடி, பாடை கட்டி, ஃப்ளெக்ஸ் அடித்து, பதினாறு நாள் சோறு போட்டோம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை.

புடாபெஸ்ட்டில் மரியா நாகி என்ற அம்மா மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை 378 பிள்ளைகளிடம் சாவு என்றால் என்ன என்று கேட்டு, 1948இல் எழுதியிருக்கிறாராம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது ஒரு தூக்கம், இல்லை ஒரு பயணம். போனவர் திரும்பி வரலாம். ஒன்பது பத்து வயதில்தான் இது முடிவு, எல்லாருக்கும் வரும் என்பது பிடிபடுகிறது. அப்படிப்பட்ட வயதில் போய் நாம் "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால்? "சாமி கூட்டிக்கிட்டாரு" என்று சொன்ன புண்ணியவானும் உண்டு. அதிலிருந்து மீனு பெரிய கோயில் பக்கம் வருவதில்லை.

சரி என்று நானே சொன்னேன். மாடிப்படியில் உட்கார வைத்து, "அப்பா செத்துப் போயிட்டார்டா. செத்துப் போறதுன்னா உடம்பு வேலை செய்யறத நிறுத்திடும். மூச்சு இருக்காது, பசிக்காது, குளிராது, வலிக்காது. திரும்பி வர மாட்டார். தூங்கறது வேற. தூங்கினா காலைல எழுந்திருப்போம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் யோசித்தாள். "போர்வை வேணாமா அப்ப?" என்றாள். வேண்டாம் என்றேன். "நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்குத்தான் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த நாள் மறுபடியும் அதே கேள்வி, அதற்கடுத்த நாளும். சலிக்காமல் அதே பதிலைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். விரலால் இமையைத் தூக்குவது ஒரு வாரத்தில் குறைந்தது. இப்போது இல்லை.

நம் காலத்தில் இப்படி இல்லையேடா. எங்கள் தாத்தா செத்தபோது எனக்குப் பதிமூன்று, பாபுவுக்கு ஆறு. பேரப்பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி நெய்ப்பந்தம் கொடுத்தார்கள். பாபு அவன் பந்தத்தைச் சாய்த்து என் சட்டையில் நெய்யை ஊற்றினான். அங்கேயே சண்டை போட்டோம், பெரியத்தை இருவர் தலையிலும் ஒரு குட்டு வைத்தாள். தாத்தா முகத்தைக் கிட்டே பார்த்தோம். பயமே இல்லை. செய்வதற்கு ஒரு வேலை கையில் இருந்தது.

அதற்காக எல்லா வேலையும் பிள்ளைக்கு நல்லது என்று சொல்ல மாட்டேன். மீனுவின் அண்ணன் கதிருக்கு ஒன்பது வயது. கொள்ளிக்குடத்தை அவன்தான் தூக்கினான். குடம் பெரிது, தோள் சின்னது, நான் பின்னாலிருந்து அடியைத் தாங்கிக்கொண்டே சுற்றி வந்தேன். அதுகூடப் பரவாயில்லை. வந்தவர் போனவரெல்லாம் அந்த மொட்டைத் தலையைத் தடவி, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அம்மாவ அழ விடாமப் பாத்துக்க" என்றார்களே, அவர்களை நிற்க வைத்து அறையலாம் போலிருக்கிறது. அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ராத்திரி எழுந்து கேட்டைப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பான், கேஸ் ரெகுலேட்டரை மூடுவான். அழவே இல்லை. பள்ளிக்கூடத்தில் மொட்டையைப் பார்த்து "திருப்பதியா?" என்று கேட்டவர்களிடம் "ஆமா" என்று சொல்லியிருக்கிறான்.

நாற்பத்து நாலாம் நாள் சொன்னான். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். போவதற்கு முந்தின நாள் ராத்திரி பாபு நெஞ்சு எரிகிறது, வாய்வு என்று சொல்லி, கடையில் ஓமவாட்டர் வாங்கிவரச் சொன்னானாம். இவன் செல்போனில் கேம் ஆடிக்கொண்டு "போப்பா" என்றானாம். "நான் போயிருந்தா அப்பா இருந்திருப்பார்ல பெரியப்பா?"

வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லடா" என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள், முழுக்கக் கேளுங்கள் என்று ஆலோசகர் சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. கேட்டேன். அந்த வயதில் எல்லாமே தன்னால்தான் நடந்தது என்று தோன்றுமாம், கோபித்துக்கொண்டதால் செத்தார், சொன்ன பேச்சு கேட்காததால் செத்தார் என்று. அப்புறம் பாபுவைப் பார்த்த டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். பாவம், நோயாளிகள் காத்திருந்தார்கள், இருந்தாலும் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, ரத்தக் குழாய் இங்கே அடைத்தது என்று காட்டி, ஓமவாட்டர் வயிற்றுக்குத்தான் போகும், அந்த இடத்துக்குப் போகவே போகாது என்று சொன்னார். கதிர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து அழுதான் பார், வாந்தி எடுக்கிற வரைக்கும். உமா அவனை மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அம்மாவை அழ விடக் கூடாது என்ற உத்தியோகத்திலிருந்து அன்றைக்கு அவனுக்கு விடுதலை.

ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்பது வேறு கணக்கு. அது பெரியவர்கள் கணக்கு, அதில் கதிருக்குப் பங்கில்லை. எனக்கு உண்டு. அன்று ராத்திரி 9.10க்குப் பாபு எனக்குக் கூப்பிட்டிருக்கிறான். மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாந்திக்குக்கூடத் தெரியாது. உனக்குத்தான் சொல்கிறேன். உன் பதினோரு அழைப்பும் திரையில் மின்னி மின்னி அணைந்தபோது எனக்கு என்ன தெரிந்தது என்று இப்போது புரிகிறதா?

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி வைக்கிறவள், சொந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்கவில்லை. அடுக்குமாடி வீடு, சத்தம் போடக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லாரும் பஸ் ஏறினார்கள். எங்களுக்குத் துக்கம் பதினேழாம் நாள்தான் ஆரம்பித்தது. (பூவையும் வளையலையும் எடுக்கிற சடங்கு வேண்டாம் என்று உமா சொன்னாள், நானும் அவள் பக்கம் நின்றேன். ஒரத்தநாட்டுச் சித்தப்பா சாப்பிடாமல் போய்விட்டார். போகட்டும்.) போன வாரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று ராகம் இழுத்தாள். பாபுவை முழுப் பெயர் சொல்லி, அவன் நடந்தது, பல் முளைத்தது, சைக்கிளில் விழுந்தது எல்லாம் வரிசையாக. முக்கால் மணி நேரம். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், நான் கதவைச் சாத்தவில்லை. மீனு பக்கத்தில் உட்கார்ந்து கீரைக் காம்பை அடுக்கிக்கொண்டு, "அப்பாயி, அப்புறம்?" என்று கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. பாபுவின் பேச்சை எடுத்தால் யாரும் "விடு, விடு" என்பதில்லை. பாபு நம் ஹாஸ்டலில் வந்து தங்கிய மூன்று நாள் கதையைக் கதிர் விடாமல் கேட்கிறான். மெஸ் மாமாவை வைத்துச் செய்தது வரை சொல்லிவிட்டேன். புள்ளம்பாடி விவகாரத்தை மட்டும், அதை முரளி மாமா வந்துதான் சொல்ல வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். மே மாதம் லீவு போடு. என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்காதே, பாபுவைப் பற்றிப் பேசு.

நாளைக்குக் கூப்பிடு, எடுக்கிறேன். ஆனால் ஒன்று, கதிரிடம் நிஜத்தை மட்டும் சொல். ஆடு ஒன்றுதான். நீ சொல்லும்போது மட்டும் எப்படியோ மூன்றாகிவிடுகிறது.

அன்புடன்,
கணேசன்