ரவுட்டருக்குள் ஓடும் லினக்ஸ்

ஆசிரியருக்கு,

வீட்டு ரவுட்டர் பலவற்றில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம்தான். 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் வெளிவந்ததால்தான் ரவுட்டர்களுக்கான திறந்த மூல லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. அதற்குக் கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள் ஏற்றப்படும் நிரல்) எழுதும் மாணவர்களே, தயவுசெய்து நேரே ரவுட்டரில் ஏற்றாதீர்கள், சாதாரண நிரலில் தப்பு நடந்தால் அது மட்டும் நிற்கும், மாட்யூலில் ஒரு தவறான பாயின்டர் (நினைவக முகவரி) மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடும். முதலில் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள், நெட்வொர்க் கோளாறுகளைப் போலியாக உண்டாக்கும் நெட்எம் வைத்துத் தாமதமும் பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பும் கொடுங்கள், அப்புறம் சீரியல் கன்சோலோடு (பெட்டி தரும் செய்திகளைக் கம்பி வழியே காட்டும் இணைப்பு) நிஜப் பெட்டிக்குப் போங்கள். நினைவகக் கசிவுதான், அதாவது எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராததுதான், பெரிய தொல்லை. பாக்கெட் பஃபரை (பாக்கெட்டை வைக்கும் நினைவகம்) நிரலில் ஒரே ஓர் இடத்தில் விடுவிக்க மறந்தேன், 64 எம்பி ரேம் பெட்டி இரண்டு நாள் நன்றாக ஓடி மூன்றாம் நாள் படுத்துவிட்டது. கல்லூரிகள் இதைச் சொல்லித்தர வேண்டும், பழைய ரவுட்டர் ஒன்று போதும்.

– ஒரு வாசகர்